பத்து லிட்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே
வாளியில் உப்பைக் கரைத்துவிட்டேன்.
இப்போது பதினொன்று.
சித்திரை வெயிலில் வாளித் தண்ணீர் முப்பத்தொரு டிகிரிக்கு ஏறிவிட்டது.
ஐஸ் போட்ட பாட்டிலை அதில் மிதக்கவிட்டுக்
காத்திருக்கிறேன் என்று பெயர்.

செக்காலையில் இந்த மாடிக்குக் குடிவந்தபோது
கீழே மளிகைக்கடை வைத்திருக்கும்
வீட்டுக்காரர் வெள்ளையன் கேட்டது ஒன்றுதான்:
"தொட்டி ஒடைஞ்சா எங் கடை என்னாகும்?"
உடையாது என்றேன்.
தொண்டிக் கடல் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே.
என் கூடத்தில் அது நூறு லிட்டர்.

ஒரு கோமாளி மீன்.
சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு.
நான் விளக்கைப் போட்டதும் மீசையை ஆட்டும் இறால்.
கோமாளி முன்பு இரண்டு.
மாசியில் ஒருநாள், கரண்ட் போகுமுன் முடிக்க வேண்டுமென்று
உப்பை அளக்காமல்
பாதித் தொட்டியை ஒரே மூச்சில் மாற்றினேன்.
ராத்திரி அது சாய்ந்து நீந்தியது.
விடிந்தபோது வடிகட்டியின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.
நிறம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்பது வாரம்.
சோதனைக் குழாயில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, இப்போது சிவப்பு.
மாற்றாவிட்டாலும் சாகும் என்று தெரியும்.
தெரிந்ததற்கும் கைக்கும் நடுவே
ஏதோ ஒரு வால்வை யாரோ மூடிவைத்திருக்கிறார்கள்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
நாலு நாற்காலி, ஷிப்டுக்கு நாலு பேர்,
அவர்கள் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி
உள்ளே அனுப்புவது என் பிழைப்பு.
ஊசி ஏற்றும்போது என் கை நடுங்கியதாக
இதுவரை ஒரு நாற்காலியும் சொன்னதில்லை.

ஆனால் அங்கே மிஷின் இருக்கிறது.
ஒரு காற்றுக்குமிழி வந்தாலே கத்தும்.
அழுத்தம் இறங்கினால் கத்தும்.
நான் தப்பு செய்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரியும்.
இந்தத் தொட்டிக்கு வாய் கிடையாது.
சாகிறபோதும் அழகாக இருக்கும்.

புதுவயல் அரிசி ஆலைக் கணக்கர் சாத்தப்பன்
ஒவ்வொரு செவ்வாயும் கேட்பார்:
"இன்னைக்கு எவ்வளவு எடுக்கப்போறே?"
"ரெண்டரை."
"ரெண்டோட நிறுத்தும்மா. கால் இழுத்துக்கிருது."
போன வாரம் ரெண்டோடு நிறுத்தினேன்.
வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு
பஸ் பிடிக்க அவரே நடந்து போனார்.

வாளி இருபத்தேழு. தொட்டியும் இருபத்தேழு.
உப்புமானியில் இரண்டிலும் ஒரே கோடு.
மூன்று முறை பார்த்தேன்.
நாலாவது முறை பார்த்தது வெறும் பயம்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன்.
பழைய கடல் நாக்கில் பட்டது, துப்பினேன்,
பத்து லிட்டர் போதும், நிறுத்து என்று
எனக்கே சத்தமாகச் சொன்னேன்.
புதுத் தண்ணீருக்கு,
தேதி முடிந்ததென்று ஆஸ்பத்திரியில் ஒதுக்கிய டிரிப் செட்.
வாளியை பீரோமேல் ஏற்றி
சக்கரத்தை மெல்லத் திருகினேன்.
சொட்டு. சொட்டு.
நாலு மணி நேரம் ஆகும்.
நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கம்தான்.

மீன் ஒருமுறை மேலே வந்து
சொட்டு விழும் இடத்தை முகர்ந்தது மாதிரி நின்றது.
பிறகு தன் மூலைக்கே போய்விட்டது.
நேராகத்தான் நீந்துகிறதா?
நேராகத்தான்.
கிட்டப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.
பழைய தண்ணீர் வாளி காலில் இடித்துக் கவிழ்ந்தது.
கூடம் தாண்டி, வாசல் தாண்டி,
படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது பத்து லிட்டரும்.

"மல்லி மூட்டை நனையுது! யார்ரா அது மேலே?"

துணியோடு ஓடினேன்.
வெள்ளையன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
என்னை அண்ணாந்து பார்த்தார்.
"என்ன இது, இப்படிக் கரிக்குது?"

"கடல் தண்ணிண்ணே," என்றேன்,
முதல் ஊசிக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில்.
"பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது."

மேலே இன்னும் ஆறு லிட்டர் பாக்கி.